பறவையைத் தொட்டீர்களா என்று கேட்டார்கள்

"சமீபத்துல பறவை எதையாவது தொட்டீங்களா, ஐயா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"நோயான பறவை, செத்த பறவை எதையாவது பக்கத்துல பாத்தீங்களா?"

"தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்ப்பதோடு சரி."

"வெளியில புடிச்ச பறவைக் கறி சாப்பிட்டீங்களா?"

"சேச்சே" என்றேன். கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன்.

மூன்றும் பொய். அப்போது எனக்குக் காய்ச்சல் நூற்றிரண்டுக்கு மேல் இருந்தது. ஆனால் காய்ச்சலில் உளறியதாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. மிகத் தெளிவாக, சரியான இடத்தில் சிரித்துத்தான் பொய் சொன்னேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பழவேற்காட்டில் ஏரிக்கரையோரமாக வீடு. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும்போது சென்னையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்து பேருந்தாகக் கூட்டி வருவார்கள். அவர்களுக்கு ஏரியைக் காட்டிப் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கியில் என் குரல் அக்கரை வரை கேட்குமாம். பறவையைத் தொடாதீர்கள், துரத்தாதீர்கள், அவை நம் விருந்தாளிகள் என்று பேசுவேன். குப்பங்களில் எனக்குப் பறவை வாத்தியார் என்று பெயர்.

என்னைத் திட்டிக்கொள்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. என் பொய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டே இரண்டு பெண்கள் எத்தனை நேர்த்தியாக நடந்துகொண்டார்கள் என்பதை நான் பார்த்தேன். அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒருவர் அந்த டாக்டர். இன்னொருவர் எனக்கு இறால் கொண்டுவந்து கொடுக்கும் அம்மா.

அந்த அம்மாவை எங்கள் தெருவில் இறால்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர். சுண்ணாம்புக்குளம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். வலையும் இல்லை, படகும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பதுதான் தொழில். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும் என்பதால் பிடித்ததைப் போடும் ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி என்று அதற்குப் பெயர். வாயில் பறியோடு, தண்ணீருக்கு மேல் முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டபடி அவர்கள் மெதுவாக நகர்ந்து போவதை நான் நூறு முறை பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன்.

தை மாதக் கடைசியில் ஒருநாள் அவர் என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். என் மனைவி மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தாள். நான் தனியாக இருந்தேன்.

"சார், இன்னா கொண்டாந்துருக்கேன் பாரு" என்று பறியை இறக்கி, மேலே கிடந்த இறாலை ஒதுக்கினார். கீழே மூன்று ஊசிவால் வாத்துகள். ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. கழுத்து துவண்டு கிடந்தது.

"ஏம்மா, ஃபாரஸ்ட்காரன் பாத்தா என்ன ஆவறது?"

"அதுக்குத்தான மேல எறா போட்டுனு வந்தேன். வாயில பறி, பறில தாரா. எவனுக்குத் தெரியப் போவுது? வழில ஒருத்தன் கேட்டான், இன்னாக்கா இன்னைக்கு நல்ல பாடா, நெறைய மாட்டுச்சான்னு. வாயத் தொறந்து பதில் சொன்னா பறி வுழுந்துரும். தலைய ஆட்டினே வந்துட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு கேட்டார்: "கோரையாண்ட குந்தினு இருந்துச்சு சார். கைய நீட்டுனா அப்டியே கீது. ஏன் சார் ஓடல?"

அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஏரியில் எதைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் கேட்பது அவருக்குப் பழக்கம்.

"ரொம்ப தூரத்துலேர்ந்து வருதுங்க இல்ல. களைப்பு" என்றேன்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாத்துகள் ஐப்பசியிலேயே வந்து இறங்கிவிட்டவை. தை மாதக் கடைசியில் அவற்றுக்கு என்ன களைப்பு? மனிதக் கை நீண்டு வரும்போது பறக்காமல் உட்கார்ந்திருக்கும் காட்டு வாத்து நோயான வாத்து. இது எனக்குத் தெரியும். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் பண்ணைகளில் கோழிகள் கூட்டமாகச் சாகின்றன என்று அந்த வாரம் செய்தியும் படித்திருந்தேன். தெரிந்தும் களைப்பு என்று சொன்னதற்கு ஒரே காரணம், மிளகு போட்டு வறுத்த வாத்துக்கறியை இளம்வயதில் சாப்பிட்டிருந்தேன். அந்த ருசி நினைவுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் எந்தக் காரணமும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

குப்பத்தில் வைத்து உரித்தால் யாராவது பார்ப்பார்கள் என்று என் கொல்லையிலேயே உரித்தார். இறகைப் பிடுங்கப் பிடுங்க, பஞ்சு போன்ற தூவி அவர் முகத்திலும் கண்ணிலும் ஒட்டியது. வாயால் ஊதி ஊதித் தள்ளிக்கொண்டார். நான் குழி தோண்டி இறகுகளைப் புதைத்தேன். இரண்டு வாத்து அவர் வீட்டுக்கு. ஒன்று எனக்கு. அதையும் அவரே வறுத்து டிபன் பாக்ஸில் கொண்டுவந்து கொடுத்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா" என்றேன்.

"நான் ஏன் சார் சொல்லப் போறேன்? சொன்னா உள்ள போறது நான்தான். நீயா போவப் போற?"

சில நாளில் எனக்குக் காய்ச்சல் கண்டது. இருமலும் மூச்சுத் திணறலும் சேர்ந்துகொள்ள, பக்கத்து வீட்டுக்காரர் என்னை அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் போனார்.

அங்கேதான் அந்த டாக்டரைப் பார்த்தேன். இளம்பெண். தென்மாவட்டத்துக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. காய்ச்சல் இருமலோடு யார் சேர்ந்தாலும் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்துவிடுவார். அதில் ஃப்ளூ காய்ச்சலின் ஏ வகை என்று வந்தால், அது வழக்கமாக மனிதர்களுக்குள் பரவுவதா, பறவையிலிருந்து வந்ததா என்று பார்க்கச் சென்னைக்கு அனுப்புவார். சந்தேகப்பட்டவருக்கு மட்டும் என்றில்லை. வார்டில் படுத்திருந்த எல்லோருக்கும். மாலுமியாக இருந்தவருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் ஒரு கட்சிக்காரரின் மாமனாருக்கும் ஒரே குச்சி, ஒரே கேள்வி, ஒரே குரல். அந்த மாமனார், "எனக்கெதுக்கும்மா? நாங்க ஆட்டுக்கறியத் தவிர எதையும் தொடறதில்ல" என்று முறுக்கிக்கொண்டார். "கிருமிக்கு அது தெரியாதே, தாத்தா. நிமிந்து உக்காருங்க" என்றார் டாக்டர். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குச்சியை விடுவதற்கு முன் அதை நோயாளி கையிலேயே கொடுத்து ஒருமுறை பார்க்கச் சொல்வார். பார்த்த பின் அதை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிரிப்பார். கண்ணில் நீர் வந்தால் துடைக்கத் துணி எடுத்துக் கொடுப்பார். நாள் முழுக்க முகக்கவசம் அழுத்தி அவர் கன்னத்தில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. தேநீர் குடிக்க வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்த் தனியாக நிற்பார். அங்கேயும் இரண்டு வாய் குடிப்பதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

கேள்வி கேட்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. பறவையில் ஆரம்பிக்க மாட்டார். பூனையில் ஆரம்பிப்பார். வீட்டில் பூனை உண்டா, அதற்கு உடம்பு சரியில்லையா, தெருவில் காக்கை செத்துக் கிடந்ததா, கோழி வளர்க்கிறீர்களா, இப்படி வந்து கடைசியில்தான் ஏரிப் பறவைக்கு வருவார். பூனைக்காக யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார். உண்மை பேசிப் பழகியபின் கடைசிக் கேள்விக்கும் சிலர் உண்மையே சொல்லிவிடுவார்களாம். படித்தவன் என்பதால் என்னிடம் மட்டும் நேராகப் பறவைக்கே வந்துவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான மீனவர். "எங்க வூட்டுப் பூனை செத்துப் போச்சு டாக்டரம்மா" என்றார் வருத்தமாக.

டாக்டர் உடனே குனிந்தார். "எப்ப? எப்படிச் செத்துச்சு?"

"பக்கத்து வூட்டுக்காரி வெளக்கமாத்தால ஒரு போடு போட்டா. அப்ப எம்.ஜி.ஆர் ஆட்சி."

வார்டே சிரித்து இருமியது. டாக்டரும் சிரித்தார். ஆனால் கேள்வியை விடவில்லை. "சரி, காக்கா?"

"காக்காலாம் நல்லாதான் கீதுங்க. எங்களவிட நல்லா துன்னுதுங்க."

"ஏரிப் பறவை?"

"அய்யய்ய. அது கெவுருமெண்டு பறவை. நாங்க ஏறெடுத்துக்கூடப் பாக்கறதில்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. வார்டில் பாதிப் பேர் ஏரிக்காரர்கள். ஏன் பொய் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும். பறவையைப் பிடித்தேன் என்றால் வனத்துறை வரும். பறவைக் காய்ச்சல் என்று பேச்சு கிளம்பினால் ஏரி மீனையும் இறாலையும் மீஞ்சூர்ச் சந்தையில்கூட யாரும் தொட மாட்டார்கள். அவர்களுக்கு வயிற்றுப்பாடு. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒலிபெருக்கி மட்டும்தான்.

என் மாதிரியில் ஏ வகை என்று வந்தது. அதைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வேளையில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அந்த நிலையில்தான் பெண்கள் வார்டுக்கு இறால்காரம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சன்னல் வழியாகப் பார்த்தேன். தம்பி மனைவி ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தாள். அவர் வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்தார், கரையில் போட்ட மீன் போல.

அவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். பூனைக்கும் காக்கைக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னவர் பறவைக்கு, "தொடவே இல்லம்மா" என்றிருக்கிறார். தொண்டையில் எடுத்த மாதிரியிலும் ஒன்றும் வரவில்லை. அதனால் முதலில் கொடுத்த ஃப்ளூ மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு மருந்து கொடுத்தார்கள்.

டாக்டர் என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, அந்தம்மா உங்க ஏரிப் பக்கம்தானே? எக்ஸ்ரே நல்லால்ல. கண்ணு செவந்திருக்கு. உப்புத் தண்ணியில எப்பவும் அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க, இருக்கலாம். தொண்டையில ஒண்ணும் இல்லன்னாலும் சிலருக்கு நெஞ்சுக்குள்ள இருக்கும். ஆழத்துலேர்ந்து சளி எடுத்துப் பாக்கணும். இப்ப அவங்க மூச்சு இருக்கிற நிலைமையில அது லேசான வேலை இல்ல. பறவை சங்கதி ஏதாவது இருந்தா ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டேன், செஞ்சிருவேன். அவங்க எதையோ மறைக்கிற மாதிரி எனக்குத் தோணுது. நீங்க கேட்டா சொல்லுவாங்க. கொஞ்சம் பக்குவமா கேக்குறீங்களா?"

"கேட்கிறேன்" என்றேன்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு பெண்கள் வார்டு வாசல்வரை போனேன். ஆக்சிஜன் குழாயோடு அவர் சாய்ந்து படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பேச முடியாமல், கண்ணை ஒருமுறை அழுத்தி மூடித் திறந்தார். கையை லேசாக ஆட்டினார். அதற்கு என்ன பொருள் என்று எனக்குப் புரிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, நீ கவலைப்படாதே சார், போய்ப் படு என்பதுதான் பொருள். மூச்சுக்குத் தவிக்கும் பெண் எனக்குத் தைரியம் சொன்னார்.

நான் திரும்பி வந்தேன். டாக்டரிடம், "கேட்டேன். எதையும் தொடவில்லையாம்" என்றேன்.

இதைவிடக் கீழான காரியம் எதையும் என் வாழ்நாளில் நான் செய்ததில்லை. டாக்டர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியத்துக்கு மேல் இறால்காரம்மாவுக்கு ஆக்சிஜனைக் கூட்டினார்கள். தம்பி மனைவி தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "சார், அண்ணிக்கு இன்னா சார் ஆவும்? நீ படிச்சவரு, சொல்லேன்" என்றாள். நான் டாக்டரைத் தேடிப் போனேன். மனசாட்சி விழித்துக்கொண்டது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அந்தக் கேள்வியை இரண்டாம் முறை கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில்தான் நடந்தேன்.

வேப்பமரத்தடியில் தேநீரோடு நின்றிருந்தார். கொஞ்ச தூரத்திலேயே நின்று சொன்னேன்: வாத்து, என் கொல்லை, இறகைப் புதைத்தது, சாப்பிட்டது, யாரிடமும் சொல்லாதே என்று இறால்காரம்மாவிடம் சொன்னது, காலையில் கேட்காமலேயே கேட்டேன் என்று சொன்னது.

டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எத்தனை நாள் இருக்கும்?"

சொன்னேன்.

"யார் அறுத்தது? யார் உரிச்சது? நல்லா வெந்ததுதானே? சாப்பிட்டவங்க யார் யாரு? வீட்ல சின்னப் பிள்ளைங்க உண்டா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "சரி" என்றார். டம்ளரை மரத்தடியிலேயே வைத்துவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினார்.

ஏன் முதலில் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வரும் வரும் என்று நான் அங்கிருந்த நாளெல்லாம் எதிர்பார்த்தேன். வரவேயில்லை. என்னை மன்னித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. நோயாளிக்குத் தேவையானதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார், மீதியை அப்படியே விட்டுவிட்டார். என் வகுப்புகளில் பொய் சொன்ன பையன்களை நிற்க வைத்து நான் அடித்த பிரசங்கங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றால் எந்தக் காரியமும் நடந்ததில்லை.

நான் பெண்கள் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நிறுத்தியிருந்த மாத்திரையை மறுபடி கொடுத்து முடித்திருந்தார்கள். டாக்டர் கட்டிலருகே குனிந்து, "அக்கா, நீங்க வாத்து உரிச்சதை சார் சொன்னாரு" என்றார்.

இறால்காரம்மா மூச்சுக்கு நடுவே தலையை ஆட்டினார். "எந்த சாரு? பறவ வாத்தியாரா? அவரு அப்டிலாம் துன்ன மாட்டாரும்மா. பறவைன்னா அவருக்கு உசுரு. யாரோ உன்னாண்ட பொய் சொல்லிக்கிறாங்க."

வார்டில் இருந்த பெண்கள் எல்லாரும் வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே போனேன்.

"நான்தாம்மா சொன்னேன். சாப்பிட்டதும் நான்தான். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லாதன்ன. இப்ப நீயே சொல்லிட்ட. இந்தப் புள்ளையாண்ட நான்தான பொய்க்காரி ஆயிட்டேன்?"

"நான் போலீசும் இல்ல, ஃபாரஸ்டும் இல்ல அக்கா" என்றார் டாக்டர். "நான் புடிக்கிறது கிருமியத்தான். எப்படிக் கொண்டு வந்தீங்க?"

அதன் பிறகு அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. இரண்டு சொல், ஒரு மூச்சு, மறுபடி இரண்டு சொல் என்று எல்லாவற்றையும் சொன்னார். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்ததைச் சொன்னபோது டாக்டருக்குப் புரியவில்லை. எதிர்க் கட்டிலில் இருந்த பெண் எழுந்து, தன் துணிப்பையைப் பல்லில் கடித்து, குனிந்து கையால் தரையைத் துழாவிக் காட்டினாள். "இப்டிதாம்மா. பையி வாயிலதான் கெடக்கும். பறவையோட பீ, ஏரித்தண்ணி, எல்லாம் வாயிலதான். கடசில கொஞ்சம் எறாவும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை கதை கேட்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை யாருமே எனக்குச் சொல்லலையே" என்றார். "கையால தொட்டீங்களா, கையால தொட்டீங்களான்னே கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்." அன்று மாலை முதல் பூனைக்கும் காக்கைக்கும் நடுவே இன்னொரு கேள்வி சேர்ந்துகொண்டது: பறி கடிக்கிற வேலையா? இறந்த பறவை கிடக்கும் பக்கம் அந்த வேலை வேண்டாம் என்பதையும் சொல்வார். பறியைக் கழுத்தில் கட்டிக்கொள்ளலாமே என்று யோசனை சொல்லிப் பார்த்தார். கழுத்தில் கட்டினால் தண்ணீர் இழுக்கும் என்று பெண்கள் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்.

இறால்காரம்மா சொல்லி முடித்த பிறகு அந்த வார்டில் நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. கையால் தரையைத் துழாவிக் காட்டிய பெண், "எங்க வூட்லயும் போன வாரம் ஒண்ணு கெடச்சுதும்மா" என்றாள். மூலையில் ஒரு பாட்டி, "எம் பேரன் ஏரில நாமக்கோழி புடிச்சாந்தான், ரெண்டு" என்றார். டாக்டர் ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்தார். பெயரும் பதவியும் இல்லாத ஒரு பெண் மூச்சில்லாத நிலையில் உண்மையைச் சொன்னதும், மற்றவர்களும் தங்கள் வாயைத் திறந்தார்கள். அதுவரை நான் ஒலிபெருக்கியில் பேசிய எதற்கும் அப்படி ஒரு பலன் வந்ததில்லை.

குப்பத்தில் வாத்து சாப்பிட்டவர்களையும் வரவழைக்க வேண்டியிருந்தது. தம்பி மனைவி புருஷனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். வண்டி அனுப்புகிறேன், பிள்ளைகளோடு வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. நான் பேசினேன்.

"நான் வாத்தியார்ப்பா. நானும் சாப்பிட்டேன். இங்கதான் படுத்திருக்கேன். வந்துருங்க."

"இன்னாது? நீ துன்னியா?" என்றார் தம்பி. பின்னால் நாலைந்து பேர் குரல் கேட்டது. "டேய், பறவ வாத்தியாரே துன்னாராம்டா!" பிறகு மறுபடி தம்பி: "வருசா வருசம் மைக்குல கத்துவியே நைனா, தொடாத தொடாதன்னு. தொடாம எப்டி துன்ன? ஸ்பூனாலயா?"

"கையாலதாம்பா."

போனில் சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. பக்கத்தில் நின்ற நர்சும் திரும்பிக்கொண்டு சிரித்தார். "சரி வர்றோம். வண்டில ஃபாரஸ்ட்காரன் குந்தினு இருந்தா அப்டியே ஏரில குதிச்சுடுவேன், சொல்ட்டேன்."

வந்தார்கள். தம்பி, இரண்டு பிள்ளைகள், கூடவே அக்கம்பக்கத்தில் இருமிக்கொண்டிருந்த இன்னும் சிலர். டாக்டர் எல்லோருக்கும் மாதிரி எடுத்தார்.

இறால்காரம்மாவைத் தனி அறைக்கு மாற்றி, ஆழத்துச் சளியை எடுத்தார்கள். உப்புநீரை ஆவியாக்கி மூச்சில் இழுக்கவைத்தால் உள்ளிருக்கும் சளி இளகி மேலே வரும். அப்போது பக்கத்தில் நிற்பவருக்குத் தொற்றும் ஆபத்து அதிகம். டாக்டர் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு தானே உள்ளே போனார். வேறு யாரையும் விடவில்லை. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே தம்பி மனைவியும் நானும் நின்றோம். உப்புநீர் என்றதும் இறால்காரம்மா ஏதோ சொன்னதும், டாக்டர் குலுங்கிச் சிரித்ததும் தெரிந்தது. "பொறந்ததுலேர்ந்து உப்புத்தண்ணிதான் குடிக்கிறேன், இதுல இன்னா புதுசு" என்றாராம். சளி மேலே வருவதற்குள் இறால்காரம்மா பட்ட பாட்டையும் பார்த்தோம். நடுவில் ஒருமுறை முகம் நீலம் பாய்ந்துவிட்டது. டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தி, ஆக்சிஜனை வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடி ஆரம்பித்தார்.

முடிவுகள் வந்தன. அவருக்கு நெஞ்சுக்குள் இருந்தது ஏ வகை. எனக்கு இருந்த அதே வகை. இரண்டும் பறவையிலிருந்து வந்தவை அல்ல, மனிதர்களுக்குள் பரவும் வழக்கமான ஃப்ளூதான். குப்பத்துக்காரர்களில் யாருக்கும் பறவைக் காய்ச்சல் இல்லை. அந்த வாத்துகளுக்கு என்ன நோய் என்பது கடைசிவரை தெரியவில்லை. அவற்றைத்தான் நாங்கள் தின்றுவிட்டோமே.

டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த அம்மாவுக்குச் சரியான மருந்து கிடைத்துவிட்டது என்று தோன்றவில்லை. நல்லவேளை, செய்தித்தாளில் வராது என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் அவர் முகம் நினைவுக்கு வந்தது.

"அப்ப இந்த டெஸ்ட்லாம் வீண்தானே டாக்டர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லன்னு தெரிஞ்சுதுல்ல" என்றார். "அந்தக்காவுக்கு எந்த மாத்திரைன்னும் தெரிஞ்சுது." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்தது. நடுவில் நிறுத்திய நாள் வீணாகாமல் இருந்தால் சீக்கிரம் தேறியிருப்பார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எனக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் தினமும் வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவருக்கு ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். உள்ளே போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். தம்பி மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நின்னுனே இருக்காத. குந்து சார்" என்றார்.

சொல்ல வேண்டியதை வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். ஆரம்பித்ததுமே அவர் கையை உயர்த்தினார்.

"வுடு சார். புடிச்சது நானு. துன்னது நீயி. ரெண்டு பேருந்தான் நோவுல கெடந்தோம். உன்னால ஒண்ணும் இல்ல."

அப்படியே விட்டிருக்கலாம். அவரே விடச் சொன்னார். டாக்டருக்கும் இதற்கு மேல் எதுவும் தெரியாது.

"அது களைப்பு இல்லம்மா" என்றேன். "நோயான வாத்துன்னு அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்கிட்ட களைப்புன்னு சொன்னேன்."

அவர் கஞ்சியை விழுங்கினார். தம்பி மனைவி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

"என்னை உரிக்க வுட்டு நீ பாத்துனு இருந்தியா?"

"ஆமாம்மா."

அவர் முகம் என்ன ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர் தம்பி மனைவி பக்கம் திரும்பினார்.

"போன எடு. உன் வூட்டுக்காரனுக்குப் போடு. பறக்காம குந்தினு இருக்கற பறவைய எவனும் தொட வாணாம்னு சொல்லு, அது நோவு புடிச்சது. கரையில இருக்கற எல்லாத்துக்கும் சொல்லச் சொல்லு. பசங்களாண்ட தனியா சொல்லச் சொல்லு, அதுங்கதான் ஓடிப் போய்ப் புடிக்கும்."

தம்பி மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். இறால்காரம்மா கிண்ணத்தைத் தானே எடுத்து, மேலே சிந்தச் சிந்த, மீதிக் கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தார். நான் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் கிண்ணத்தைக் கொடுக்கவில்லை.